பூட்டு வீட்டில், திறவுகோல் வேற்றுமொழியில்!

வீட்டுக்கு வீடு கணிப்பொறி வந்து சேர்ந்துவிட்ட காலம் இது. மகனின் கல்லூரிப் பாடமும், மகளின் வேலைக்குரிய படிவமும், தந்தையின் வங்கிக் கணக்கும், பாட்டனின் ஒளிப்படமும் அப்பெட்டிக்குள்ளேயே அடங்கிவிட்டன. இத்துணைச் செல்வத்தையும் காப்பதற்கென்றே அதனுள் ஒரு காவல் மென்பொருளும் இருக்கின்றது. ஆயின், அக்காவல் மென்பொருள் புதுமை பெறாமல் நின்றுவிட்ட நாளில், திரையின் வலப்பக்க மூலையில் ஒரு சிறு பெட்டி தோன்றி, ஆங்கிலத்தில் இரண்டு வரி சொல்லி மறைந்துவிடுகின்றது. வீட்டிலுள்ளார் அதனைப் படிப்பதில்லை. படிப்பினும் பொருள் கொள்வதில்லை. பொருள் கொள்ளினும் மேற்கொண்டு என் செய்வதென அறிவதில்லை. அப்பெட்டியைச் சுட்டியால் மூடிவிட்டுத் தத்தம் பணியைப் பார்க்கின்றனர். திங்கள் பல கழிகின்றன. ஒருநாள் காலையிற் பார்த்தால் கோப்புகள் எல்லாம் எவனோ ஒருவனாற் பூட்டப்பட்டுக் கிடக்கின்றன.

இதனைப் பொறியின் பழுது என்று சொல்லிக் கடந்துவிடுதல் எளிது. உண்மையில் இது மொழியை அதற்குரிய இடத்தில் வையாமையால் விளைந்த பழுது. காவல் மென்பொருள் புதுமை பெறாமைக்குரிய கரணியங்களிற் பெரும்பாலானவை எளியவை. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் அரைமணி நேரத்திற் சரிசெய்யத் தக்கவை. அவற்றைத் தமிழில் எடுத்துச் சொல்வார் இல்லாமையே அவற்றைப் பெருநோய்களாக்கி வைத்திருக்கின்றது. தனித்தமிழ் இயக்கம் கலைச்சொல் ஆக்குவதோடு நின்றுவிடாமல், அக்கலைச்சொற்களைக் கொண்டு தமிழர் வீட்டுப் பொறிகளைக் காக்கும் பணியையும் தன் கடமையாக ஏற்றல் வேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப் பெறுவது.

சொல் விளங்கின் செயல் விளங்கும்

நச்சுநிரல் என்பது, பிறர் பொறியுட் புகுந்து, தன்னைத் தானே படியெடுத்துப் பெருக்கிக் கொள்ளும் தீய நிரல். 1986ஆம் ஆண்டு பாக்கித்தானத்து இலாகூரில் உடன்பிறந்தார் இருவர் எழுதிய 'பிரெயின்' என்னும் நிரல், நெகிழ்வட்டுகளின் வழியாக நாடுவிட்டு நாடு பரவியது. தனியாள் கணிப்பொறிகளைத் தாக்கிய தொடக்கக் கால நச்சுநிரல்களுள் அது ஒன்று. அன்று விரல்விட்டு எண்ணத்தக்கனவாய் இருந்த நச்சுநிரல்கள் இன்று நாள்தோறும் புதிது புதிதாகத் தோன்றிக் கொண்டே இருக்கின்றன.

இவற்றைப் பிடிக்கும் காவல் மென்பொருள், பெரும்பாலும் ஓர் அடையாளப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே காவல் காக்கின்றது. காவல் நிலையச் சுவரில் திருடர் படங்களை ஒட்டி வைப்பது போன்றது அப்பட்டியல். நேற்றுத் திருடத் தொடங்கியவனின் படம் அதில் இல்லையாயின், அவன் கண்முன்னே நடந்து சென்றாலும் காவலனால் அறியவியலாது. அதனாலேயே அப்பட்டியலை நாளும் புதுக்க வேண்டியுள்ளது. விண்டோசு இயங்குதளத்தோடு வரும் 'டிபெண்டர்' என்னும் காவல் மென்பொருளுக்கு அதன் நிறுவனமாகிய மைக்ரோசாப்டு ஒரே நாளிற் பலமுறை புதிய பட்டியலை வெளியிடுகின்றது.

இவ்வாறு புதுக்குதலை ஆங்கிலம் 'அப்டேட்' என்கின்றது. அச்சொல்லைத் தமிழ்நாட்டு வீடுகள் ஓயாமற் கேட்கின்றன. ஆயினும் அஃது அவர்க்கு ஒன்றும் உணர்த்துவதில்லை. பெரும்பாலார் அதனைப் 'பொறியின் விரைவைக் குறைக்கும் ஒரு தொல்லை' என்றே எண்ணிக் கொண்டுள்ளனர். தமிழிலோ 'இற்றைப்படுத்தல்' என்னும் அழகிய சொல் வழக்கில் வந்துவிட்டது. மென்றொடர்க் குற்றியலுகரமாகிய 'இன்று' என்பது வன்றொடராகத் திரிந்து, ஐகாரம் பெற்று 'இற்றை' என நிற்கும் என்பது பள்ளி இலக்கணத்திலேயே உள்ளது. இற்றைப்படுத்தல் என்றால் இன்றைய நிலைக்குக் கொண்டுவருதல். "உன் காவலன் இற்றைப்படவில்லை" என்று சொன்னால், அவன் நேற்றைய பட்டியலோடு நிற்கின்றான் என்பது எழுத்தறிந்த கிழவிக்கும் விளங்கும். செய்யவேண்டுவது இன்னதென்று சொல்லே கற்பித்துவிடுகின்றது. தாய்மொழிச் சொல்லின் ஆற்றல் இது. தனித்தமிழ் என்பது வெறும் அழகுணர்ச்சி என்று எள்ளுவார் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

இற்றைப்படாமைக்குரிய கரணியங்கள்

முதலாவது, பொறியின் கடிகாரம். மேசைக் கணிப்பொறியின் தாய்ப்பலகையிற் காசு வடிவில் ஒரு சிறு மின்கலம் உள்ளது. கடைகளில் அதனைச் சி.ஆர். 2032 என்னும் எண்ணாற் கேட்டு வாங்கலாம். சில ஆண்டுகளில் அது தன் ஆற்றலை இழந்துவிடும். அதன்பின், மின்சாரம் நின்று வரும்போதெல்லாம் பொறியின் நாட்காட்டி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். பட்டியலை வழங்கும் தொலைவிடப் பொறி, தான் இன்னாரெனக் காட்டும் மின்சான்று ஒன்றை நீட்டும். அச்சான்றுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. பொறியின் நாட்காட்டி தொடக்க நாளுக்கும் முற்பட்டு நின்றால், 'இச்சான்று செல்லாது' என்று கருதி அஃது இணைப்பை மறுத்துவிடும். இன்று எந்நாள் என்றே அறியாத பொறி எவ்வாறு இற்றைப்படும்? நாளையும் நேரத்தையும் திருத்தி, மின்கலத்தை மாற்றினால் நோய் நீங்கிற்று. எளிய விலைக்குக் கிடைக்கும் இம்மின்கலத்தின் குறையை அறியாமல், இயங்குதளத்தையே அழித்துப் புதிதாக இட்டு, அவ்வழியில் இருந்த கோப்புகளையும் இழந்த வீடுகள் உள.

இரண்டாவது, இணைப்பின் வகை. சிற்றூர் வீடுகளிற் பல, கைப்பேசியின் வழியே கணிப்பொறிக்கு இணையம் பெறுகின்றன. செலவைக் குறைப்பதற்காக அவ்விணைப்பை 'அளவிட்ட இணைப்பு' என்று பொறியிற் குறித்து வைப்பாரும் உளர். அவ்வாறு குறித்த இணைப்பின் வழியே டிபெண்டர் தானாகப் பட்டியலை இறக்கிக் கொள்ளாமல் ஒதுங்கி நிற்பதுண்டு. இணையம் இருக்கின்றது, படம் ஓடுகின்றது, காவல் மட்டும் இற்றைப்படவில்லை என்று வியப்பவர், இக்குறிப்பைச் சற்று நேரம் நீக்கிப் பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது, ஒரே வீட்டில் இரு காவலர். புதுப்பொறி வாங்கும்போது வேறொரு நிறுவனத்தின் காவல் மென்பொருள் சில திங்கள் விலையின்றி என்று உடன்வரும். அது வந்து அமர்ந்தவுடன் டிபெண்டர் தன் பொறுப்பை அதனிடம் விட்டு விலகிக் கொள்ளும். சில திங்களிற் கெடு முடியும். கட்டணம் கட்டாவிடிற் பட்டியல் வாராது. கெடு முடிந்த காவலன் வாயிலிற் கிடக்க, உரிய காவலன் உள்ளே வரத் தயங்கி நிற்கின்ற நிலை இது. கட்டணம் கட்டுதல் ஒன்று. இன்றேல் அம்மென்பொருளை முழுமையாக நீக்கிப் பொறியை மீண்டும் இயக்குதல் மற்றொன்று. நீக்கிய பின்னர் டிபெண்டர் விழித்துக் கொள்கின்றதா எனப் பார்த்தல் வேண்டும். இரண்டையும் ஒருங்கே வைத்திருப்பது இரட்டைக் காவலன்று.

நான்காவது, இடமின்மை. வன்தட்டு நிரம்பி வழியும் பொறியிற் புதிய பட்டியலை இறக்கி விரிப்பதற்கு இடம் இராது. திரைப்படங்களையும், ஒன்றுக்கு மூன்றாய்ப் பெருகிய ஒளிப்படங்களையும் வேறிடத்திற்கு மாற்றினால் வழி பிறக்கும்.

ஐந்தாவது, களவுப்படி. உரிமம் பெறாத இயங்குதளத்தைச் சிறுதொகைக்கு இட்டுத் தருவார் தெருவுக்குத் தெரு உளர். உரிமத்தை ஆய்ந்து பார்க்கும் நிறுவனப் பொறியோடு வீட்டுப் பொறி தொடர்பு கொள்ளாதபடி, முகவரிகளைக் குறிக்கும் ஒரு கோப்பில் அவர் பொய்வரிகளை எழுதி வைத்துவிடுவதுண்டு. உரிமம் பார்க்க வருவான் என்று அடைத்த அதே வாயில், சிலபோழ்து காவலுக்கு உணவு வரும் வாயிலாகவும் ஆகிவிடும். அன்றியும், அக்களவுப்படியுடனேயே நச்சுநிரலும் உடன்வந்திருக்கக் கூடும். பிறர் உழைப்பைக் களவாடிக் கொண்டு வந்த பூட்டு, தன் வீட்டைக் காக்கும் என்று நம்புவது பேதைமை.

ஆறாவது, இயங்குதளத்தின் முதுமை. விண்டோசு எக்சுபி 2014 ஏப்பிரல் 8ஆம் நாளோடும், விண்டோசு 7 2020 சனவரி 14ஆம் நாளோடும், விண்டோசு 10 2025 அக்தோபர் 14ஆம் நாளோடும் நிறுவனத்தின் பொதுவான துணையை இழந்தன. விண்டோசு 10இல் உள்ள டிபெண்டருக்கு 2028 அக்தோபர் வரை பட்டியல் வரும் என்று அந்நிறுவனம் அறிவித்துள்ளது உண்மையே. ஆயின், பட்டியல் வேறு. இயங்குதளத்தின் ஓட்டைகளை அடைக்கும் ஒட்டு வேறு. திருடர் படம் நாளும் வந்து கொண்டிருக்க, கொல்லைக் கதவு பெயர்ந்தே கிடந்தால் என்ன பயன்? இவ்விரண்டையும் ஒன்றென மயங்குதல் கூடாது.

நஞ்சே வழியை அடைக்கும் இடம்

மேற்கண்ட ஆறும் இல்லையாயின், ஏழாவது ஒன்றை ஐயுறுதல் வேண்டும். உள்ளே புகுந்துவிட்ட நச்சுநிரலே காவல் இற்றைப்படாதவாறு தடுத்துக் கொண்டிருக்கலாம். 2008 நவம்பரில் வெளிப்பட்ட 'கான்பிக்கர்' என்னும் தீநிரல் இதற்குத் தக்க சான்று. அது பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் ஒட்டினை மைக்ரோசாப்டு 2008 அக்தோபர் 23ஆம் நாளே வெளியிட்டிருந்தது. அதனை இடாத பொறிகளிற் கான்பிக்கர் புகுந்தது. புகுந்ததும் விண்டோசின் இற்றைப்படுத்தும் பணியை நிறுத்தியது. காவல் மென்பொருள் நிறுவனங்களின் இணையத் தளங்களைத் திறக்க முடியாதபடி வழிமறித்தது. பிற தளங்கள் எல்லாம் திறக்கும். மருந்துக் கடை மட்டும் திறவாது. 2009 சனவரியிற் பிரெஞ்சுக் கடற்படையின் கணிப்பொறி வலையும் அதற்குத் தப்பவில்லை. அதனை ஆக்கியவர்களைப் பிடிக்கத் துணைபுரிவார்க்கு இரண்டரை இலக்கம் அமெரிக்க வெள்ளி பரிசு என்று அந்நிறுவனம் 2009 பிப்பிரவரியில் அறிவிக்கும் அளவுக்கு அதன் கொடுமை இருந்தது.

இத்தகைய நிலையில் நோயுற்ற பொறியிலேயே மருந்து தேடி அலைவது வீண். தூய்மையான வேறொரு பொறியில் நிறுவனத்தின் தளத்திலிருந்தே பட்டியற் கோப்பை இறக்கி, விரலியில் ஏற்றி, நோயுற்ற பொறியில் இயக்குதல் வேண்டும். விரலி வழியாகவும் நச்சுநிரல் பரவுமாதலின், பணி முடிந்தபின் அவ்விரலியை ஆய்ந்து தூய்மை செய்தே மறுபடி பயன்படுத்தல் வேண்டும். இயங்குதளம் எழுவதற்கு முன்னரே ஆயும் முறை ஒன்றும் டிபெண்டரில் உள்ளது. திரையில் 'ஆப்லைன் சுகேன்' என்று ஆங்கிலத்திற் குறிக்கப் பெற்றிருப்பது அதுவே. அதனைத் தெரிந்தெடுத்தாற் பொறி மீண்டும் எழுந்து, கால்மணி நேர அளவில் ஆய்வை முடிக்கும். எழுமுன் ஆய்வதால் நச்சுநிரல் ஒளிந்துகொள்ள இடமின்றிப் போகும்.

இங்கே மற்றொரு கேட்டையும் சொல்லுதல் வேண்டும். திரை முழுவதையும் மறைத்துக் கொண்டு, 'உம் பொறி நச்சுப்பட்டது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்' என்று அலறும் பொய்யறிவிப்புகள் இணையத்தில் மலிந்துள்ளன. மைக்ரோசாப்டின் உண்மையான பிழையறிவிப்புகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இராது. எண் இருந்தாற் பொய் என்று கொள்க. ஆங்கிலம் அறியாதார் உண்மை அறிவிப்பை மூடிவிட்டுப் பொய்யறிவிப்புக்கு அஞ்சிப் பணத்தைப் பறிகொடுக்கின்றனர். உண்மை அடக்கமாக மூலையில் நிற்க, பொய் நடுத்திரையில் நின்று கூவுவதே கரணியம். அவ்வாறு பணம் இழந்தவர் 1930 என்னும் எண்ணிற்குக் காலந்தாழ்த்தாது முறையிடல் வேண்டும்.

கொள்ளையன் அறிந்த உண்மை

"கணிப்பொறி ஆங்கிலத்தோடு பிறந்தது, அதிற் போய்த் தமிழைத் திணிப்பானேன்?" என்று கேட்பார் கேட்கட்டும். அவர்க்கு விடையைக் கொள்ளையர்களே தந்துவிட்டனர்.

2017 மே 12ஆம் நாள் 'வன்னாக்கிரை' என்னும் தீநிரல் உலகைத் தாக்கிற்று. நூற்றைம்பது நாடுகளில் இரண்டு இலக்கத்திற்கும் மேற்பட்ட பொறிகள் அதற்கு இரையாயின. இங்கிலாந்து நாட்டு மருத்துவமனைகள் பலவற்றில் நோயாளரைத் திருப்பியனுப்பும் நிலை வந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, முந்நூறு அமெரிக்க வெள்ளி தந்தாற்றான் திறப்போம் என்று மிரட்டியது அத்தீநிரல். இங்கும் அவ்வோட்டையை அடைக்கும் ஒட்டு, 2017 மார்ச்சு 14ஆம் நாளே, ஏறத்தாழ இரு திங்களுக்கு முன்னரே வெளிவந்திருந்தது. இற்றைப்பட்ட பொறி தப்பியது. இற்றைப்படாத பொறி மாட்டியது.

அம்மிரட்டல் மடல் எத்தனை மொழிகளில் எழுதப்பட்டிருந்தது தெரியுமா? இருபத்தெட்டு மொழிகளில்! இருபது இலக்கத்திற்கும் குறைந்த மக்களே தாய்மொழியாகக் கொண்டுள்ள இலாத்துவிய மொழியிலும் அம்மடல் இருந்தது. அவற்றுட் பல பொறிவழி பெயர்க்கப் பெற்றனவே. ஆயினும், பணம் பறிக்க வேண்டுமாயிற் பறிகொடுப்பவனுக்கு விளங்கும் மொழியிற் பேச வேண்டும் என்னும் அடிப்படை உண்மையைக் கொள்ளையன் அறிந்திருந்தான். அவ்விருபத்தெட்டனுள் தமிழ் இல்லை. கொள்ளையன் மடலில் இடம்பெறாமை ஒரு குறையன்று. கொள்ளையன் அறிந்த அவ்வுண்மையைத் தமிழர்க்குக் காவற்பொருள் விற்பாரும், தமிழரை ஆள்வாரும், ஏன், தமிழைப் போற்றுவாரும் அறியாதிருப்பதே பெருங்குறை.

நடுவணரசு 2017 பிப்பிரவரியில், தீநிரல் புகுந்த பொறிகளைத் தூய்மை செய்வதற்கென ஒரு நடுவம் தொடங்கிற்று. விலையின்றித் தூய்மைக் கருவிகளை வழங்கும் நற்பணி அது, மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் பெயர் என்ன? 'சைபர் சுவச்சதா கேந்திரா'! முதற்சொல் ஆங்கிலம், பின்னிரண்டும் வடமொழிவழி இந்தி. தூத்துக்குடியில் இருக்கும் ஒரு தாய், தன் மகளின் கணிப்பொறி நச்சுப்பட்ட நாளில் இப்பெயரைக் கேட்டுத் தனக்குரிய உதவி இதுவென்று எவ்வாறு உணர்வாள்? 'கணிப்பொறித் தூய்மை நடுவம்' என்றிருந்தாற் கேட்டவுடன் அறிந்திருப்பாளே!

ஒற்றைமொழிப் பொறிகள்

விண்டோசில் தமிழ் இல்லை என்று சொல்வதும் உண்மையன்று. மொழி அமைப்பிற் சென்று தமிழைக் காட்சிமொழியாக இறக்கிக் கொள்ள இடமுண்டு. அது முழுமையான தமிழாக்கம் அன்று. ஒரு பகுதி ஆங்கிலமாகவே நிற்கும். ஆயினும் பெரும்பயன் தரும். ஆனால் இங்கே ஒரு சூழ்ச்சி போன்ற தடை உள்ளது. இந்தியச் சந்தையில் விற்கும் மடிக்கணிப்பொறிகள் பலவற்றில், 'ஒற்றைமொழி' எனப் பொருள்படும் பெயரிலேயே ஒரு பதிப்பு இடப்பட்டு வருகின்றது. ஆங்கிலத்தில் இட்டுத் தந்தால், அதன் காட்சிமொழியைத் தமிழாக்க அப்பதிப்பு இடந்தராது. வாங்குபவனிடம் எம்மொழி வேண்டும் என்று கேட்பாரில்லை. அத்தகைய தடை உண்டென்று சொல்வாருமில்லை. தமிழன் தன் பணத்திற்கு வாங்கும் பொறியில் தமிழுக்குத் தாழ்! இதனை அறியாமலே ஆண்டுதோறும் பொறிகளை வாங்கிக் குவித்துக் கொண்டிருக்கின்றோர் எத்துணைப் பேர்!

எனவே, பொறி வாங்கச் செல்வோர், "காட்சிமொழியைத் தமிழாக மாற்றத்தக்க பதிப்பா?" என்று கடையிற் கேட்டல் வேண்டும். ஒருவர் கேட்டால் நகைப்பர்; நூற்றுவர் கேட்டால் நிறுவனத்திற்கு எழுதுவர்; ஆயிரவர் கேட்டால் மாற்றுவர். 2011ஆம் ஆண்டு தொடங்கி மாணவர்க்கு விலையின்றி மடிக்கணிப்பொறி வழங்கிய பெருமை தமிழ்நாட்டரசிற்கு உண்டு. அரசு தன் பணத்தில் வாங்கும் ஒவ்வொரு பொறியிலும் தமிழ் காட்சிமொழியாகத் திறந்திருத்தல் வேண்டுமென்றும், இற்றைப்படுத்தும் முறையை விளக்கும் தமிழ்ச் சுவடி ஒன்று உடன் வருதல் வேண்டுமென்றும் கட்டளையிட்டால், எந்நிறுவனம் மறுக்கும்?

தமிழன்பர் தம் வீட்டைப் பார்க்க

பிறரைக் குறை சொல்வதோடு முடிந்துவிடும் செய்தியன்று இது. தனித்தமிழ் அன்பர்களின் வீடுகளே இக்கேட்டிற்கு மிகுதியும் ஆளாகக் கூடியவை. முதுமையுற்ற புலவர் பலர், இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் தாம் பழகிய பழந்தமிழ் எழுத்துருக்களிலேயே இன்னும் தட்டெழுதி வருகின்றனர். அவ்வெழுத்துருக்களும் அவற்றிற்குரிய தட்டச்சு மென்பொருள்களும் பழைய பொறியிலேதான் இயங்கும் என்று அஞ்சி, துணையிழந்த இயங்குதளத்தை விடாமற் பற்றிக் கொண்டிருக்கின்றனர். சொல்லாய்வுக் குறிப்புகள், அகரமுதலிப் பணிகள், அச்சேறாத உரைகள் எனத் தம் வாழ்நாள் உழைப்பெல்லாம் அப்பொறி ஒன்றனுள்ளேயே, படி ஒன்றும் இன்றி வைத்துள்ளனர். காவலும் இற்றைப்படாது, ஒட்டும் வாராது நிற்கும் அப்பொறியை ஒரு பூட்டுநிரல் தாக்குமாயின், அழிவது ஒரு பெட்டியன்று. மீண்டும் எவராலும் எழுதவியலாத தமிழ்ச்செல்வம். பனையோலையைச் செல்லரித்தமைக்கு இன்றும் வருந்துகின்ற இனம், மின்னேட்டை நச்சுநிரல் அரிப்பதைப் பார்த்திருக்கலாமா?

தமிழ்நாட்டரசு 2010ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியை ஏற்றுக் கொண்டுவிட்டது. பழைய எழுத்துருவில் உள்ளவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் விலையின்றியே கிடைக்கின்றன. மாற்றிய கோப்புகளைத் தனி வன்தட்டு ஒன்றிற் படியெடுத்துப் பொறியினின்று கழற்றி வைத்தல் வேண்டும். இணைத்தே வைத்திருந்தாற் பூட்டுநிரல் அதனையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

மற்றொரு குறையும் உண்டு. ஒரே பொருளுக்கு நச்சுநிரல், நச்சுநிரலி, அழிநிரல் என ஆளுக்கொரு சொல்லும், இற்றைப்படுத்தல், புதுப்பித்தல், நிகழ்நிலைப்படுத்தல் என இடத்திற்கொரு சொல்லுமாக ஆக்கி, எதுவும் நிலைபெறாதபடி செய்து வருகின்றோர் தமிழன்பர்களே. சொல்வளம் பாட்டுக்கு அழகு; காவலறிவிப்புக்கு இடர். திரையில் ஒரு சொல், சுவடியில் ஒரு சொல், வகுப்பில் ஒரு சொல் என்றிருந்தால், மக்கள் மூன்றையும் விட்டு ஆங்கிலத்தையே பற்றுவர். 1999இற் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாக விசைப்பலகைக்கு ஒரு பொதுவரையறை காண முடிந்ததே! அதுபோல் ஐம்பது அறுபது காவற்சொற்களுக்கேனும் ஒரே வடிவம் காண முடியாதா? தன் ஆக்கச்சொல் தோற்று, பிறர் ஆக்கச்சொல் வென்றாலும், தமிழ் வென்றது என்று மகிழும் உள்ளம் வேண்டும்.

மறுப்பார்க்கு விடை

"பிழைச்செய்தியைத் தமிழாக்கினால், அதற்குரிய தீர்வைத் தேடுவது அரிதாகுமே" என்பர் பொறியறிஞர் சிலர். இக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் ஒவ்வொரு பிழைக்கும் ஓர் எண் உண்டு, எண்ணுக்கு மொழியில்லை. எண்ணை எண்ணாகவே வைத்துக்கொண்டு, அதன் பொருளைத் தமிழில் எழுதுவதில் யாதொரு தடையும் இல்லை. மருத்துவன் மருந்துப் பெயரை எம்மொழியில் எழுதினும், எத்துணை வேளை உண்ண வேண்டும் என்பதை நோயாளிக்கு விளங்கும் மொழியிற்றான் சொல்ல வேண்டும்.

"இற்றைப்படுத்தியதாலேயே பொறிகள் கெட்டதும் உண்டன்றோ?" என்பர் வேறு சிலர். உண்டு. 2024 சூலை 19ஆம் நாள், 'கிரவுடுசுட்டிரைக்கு' என்னும் காவல் நிறுவனம் வெளியிட்ட பிழையுள்ள இற்றைப்பாட்டால், ஏறத்தாழ 85 இலக்கம் விண்டோசுப் பொறிகள் முடங்கின, வானூர்திகள் நின்றன. அஃது அலுவலகங்கள் பயன்படுத்தும் மென்பொருள். வீட்டுப் பொறிகள் பெரும்பாலும் தப்பின. அந்நிகழ்ச்சி கற்பிப்பது, படியெடுத்து வைத்தலின் இன்றியமையாமையை, இற்றைப்படுத்தாதிருத்தலை அன்று. ஒருநாள் சோறு விக்கிற்று என்று எவரும் உண்ணாநோன்பு கொள்வதில்லை.

செய்யத் தக்கவை

ஊர்தோறும் உள்ள தமிழ் மன்றங்கள் திங்களுக்கு ஒருநாளைக் கணிப்பொறிக் காவல் நாளாகக் கொள்ளட்டும். அன்று, பொறியறிவுள்ள மாணவர் இருவர் மூவர் மூத்தோர் வீடுகளுக்குச் செல்லட்டும்; நாட்காட்டி சரியா, பட்டியல் எந்நாளுக்குரியது, வன்தட்டில் இடமுண்டா, படி எடுக்கப் பெற்றதா என்னும் நான்கையும் பார்க்கட்டும். ஒரு வீட்டிற்கு அரைமணி நேரம் போதும். மூத்தோர் அவ்விளைஞர்க்கு நல்ல சொற்களைத் தரட்டும். இளைஞர் அம்மூத்தோர்க்கு நல்ல காவலைத் தரட்டும். மேடையிற் பேசி வளராத தமிழ் இப்பரிமாற்றத்தில் வளரும்.

ஆசிரியன்மார் தம் பள்ளியிற் பாடத்தோடு பாடமாக, இற்றைப்படுத்தல் என்னும் சொல்லையும் செயலையும் ஒருங்கே கற்பிக்கட்டும். சொல்லை மட்டும் கற்றவன் தேர்வில் எழுதி மறப்பான். செயலோடு கற்றவன் வீட்டில் தாய்க்குச் சொல்லிக் கொடுப்பான். அத்தாய் வாயில் வழங்கத் தொடங்கும் நாளிற்றான் ஒரு கலைச்சொல் உயிர் பெறுகின்றது.

கல்வெட்டிலும் ஓலையிலும் தாளிலும் தமிழைக் காத்தோர் அவ்வக்காலக் கருவியைத் தம் கையகப்படுத்தியே காத்தனர். இக்காலக் கருவி கணிப்பொறி. அதன் காவலைப் பிறன்மொழிக்கு விட்டுவிட்டு, அதனுள்ளே தமிழை எழுதி வைப்பது, கதவில்லாக் களத்தில் நெல்லைக் குவித்து வைப்பதற்கு ஒப்பாகும். தமிழன்பர் ஒவ்வொருவரும் இன்றே தம் வீட்டுப் பொறியைத் திறந்து, அதன் காவற்பட்டியல் எந்நாளுக்குரியது என்று பார்ப்பாராக! பழையதாயின், இற்றைப்படுத்திய பின்னரே அடுத்த கட்டுரையை எழுதத் தொடங்குவாராக!